சொக்கியின் களைப்பைச் சுமந்த ஊர்

அந்தக் காலையில் சொக்கி மேட்டின் உச்சிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது. வந்து, வாயை மூடிக்கொண்டு, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. அதை ஓடவிட்டுவிட்டு மேட்டின் அடியில் சும்மா நின்றிருந்த சந்தனமாரிக்குத்தான் மூச்சு இரைத்தது. நாக்கு வறண்டு, நெஞ்சு படபடவென்று அடித்து, தொடை இரண்டும் கடுத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகிற தண்ணீர்க் குழாயின் மேல் பொத்தென்று உட்கார்ந்தவள், நாய்க்கென்று கொண்டுவந்திருந்த கிண்ணத்துத் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் அது யாருடைய தண்ணீர் என்று யோசித்தாள். சொக்கி கோபித்துக்கொள்ளவில்லை, அதற்குத் தாகமே இல்லை.

சொக்கி மீட்புப் படையின் நாய். மலைச்சரிவு இடிந்து விழுந்தால், விழுந்த மண்ணுக்கு அடியில் உயிர் எங்கே இருக்கிறது என்று மோந்து சொல்வது அதன் வேலை. சிப்பிப்பாறை ரத்தமும் கோம்பை ரத்தமும் கலந்த தவிட்டு நிற உடம்பு, நீள மூக்கு, கறுத்த காது. சொக்கியை 'அது' என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குப்பாறை மலையூரில் அன்றைக்கு அவருக்கு டீ கிடைக்காது. கதை சொல்கிறவர்களுக்கு மட்டும் அந்த ஊர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த அளவுக்கு உரிமை கொண்டாட ஊருக்குக் காரணம் இருந்தது. இரண்டு மழைக்கு முன்னால் வளைவுச் சாலையில் மண் சரிந்தபோது மலையில் நாய் கிடையாது. சமவெளியிலிருந்து நாய் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அது வந்தவுடனே சரியான இடத்தைத்தான் காட்டியது. ஆனால் வளைவில் டீக்கடை வைத்திருக்கிற லூர்தம்மாவின் மகன் ஆரோக்கியம் அதற்குள் மண்ணுக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தான். அதன் பிறகு ஊரே திரண்டு கேட்டு வாங்கிய நாய் சொக்கி. அதோடு வந்தவள்தான் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் சந்தனமாரி, அதைக் குட்டியிலிருந்து பழக்கியவள்.

இந்தக் கோடையில் சொக்கிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, பிழைத்ததே பெரிய பாடாகி, எழுந்து நின்றபோது விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. மழைக்கு முன்னால் உடல்தகுதி பார்க்க டாக்டர் வருவார் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். தேறினால் சொக்கி மலையில் இருக்கும். தேறாவிட்டால் கீழே அனுப்பிவிடுவார்கள். வேறு நாய் எப்போது வரும் என்பது மேலிடத்துக்கே தெரியாது, ஆனால் மழை எப்போது வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சந்தனமாரி தினமும் அதை மேட்டில் ஏற்றி இறக்கினாள். தினமும் அது நாக்கைத் தொங்கப் போட்டு, வயிறு ஏறி இறங்க, கால் நடுங்க வந்து அவள் காலடியில் விழுவதைப் பார்த்தாள். அந்தக் காலையில், ஓடவிடுமுன் அதன் தலையில் கைவைத்து, பெற்ற பிள்ளையிடம் கெஞ்சுகிற குரலில், "ஒங் களைப்பை எங்கிட்டக் குடுத்துருடி" என்று சொன்னாள். சொக்கி கொடுத்துவிட்டது.

மறுநாள் அது ஓடப் போகுமுன் கடைசியாகத் தலையைத் தடவிக்கொடுத்தது லூர்தம்மா. சொக்கி உச்சிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் லூர்தம்மா கையிலிருந்த பால் பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு, போண்டா எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, பெஞ்சில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். மகன் போன நாளிலிருந்து அவள் தூங்கியதில்லை. படுப்பாள், கண்ணை மூடுவாள், மண் சரிகிற சத்தம் காதுக்குள் கேட்கும், எழுந்துவிடுவாள். அவள் வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுத் தூங்குவதைக் கடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் அடுப்பை அணைத்தார், ஒருவர் சால்வையைப் போர்த்திவிட்டார். அன்று காலை மூக்குப்பாறை டீ இல்லாமல் இருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

ஓடுமுன் கடைசியாக யார் கை தலையில் படுகிறதோ அவர்களுக்குச் சொக்கியின் களைப்பு வரும் என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பல கைகள் ஒன்றாகப் பட்டால் களைப்பு அத்தனை பங்காகப் பிரியும் என்பதும், களைத்து நிற்கிறபோது தொட்டாலும் அது கைமாறும் என்பதும் தெரிந்தது. இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு எப்போது முறை வரும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். காலையில் சொக்கி வளைவுக்கு வந்து நிற்கும். தூக்கம் வராதவர்கள், கோபம் தணியாதவர்கள், கல்யாண வீட்டு வேலை முடிந்தும் மனசு ஓயாதவர்கள், வேலை போனதால் உடம்பில் களைப்பே இல்லாமல் தவிக்கிறவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள். அன்றைய முறைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து தலையைத் தடவிவிட்டு, பாய் விரித்த வீட்டுக்கு வேகமாக நடப்பார்கள். மளிகைக் கடை ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே நாளில் தடவியதால் ஒருவாரச் சண்டை மத்தியானத்துக்குள் கொட்டாவியில் முடிந்தது. சர்ச் சாமியார் ஒரு ஞாயிறு தெரியாத்தனமாகத் தடவிவிட்டுப் பிரசங்கத்துக்கு ஏறி, நாலு வார்த்தை சொல்லி, "மிச்சம் உங்களுக்கே தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டார். அதைப் போல நல்ல பிரசங்கம் கேட்டதில்லை என்று சபையார் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கொழுந்து பறிக்கிற பெண்களை மட்டும் ஊர் சேர்க்கவில்லை. அவர்கள் உடம்பில் இன்னொருவர் களைப்பை வைக்க இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஒருநாள் கங்காணியை நைச்சியமாகக் கூட்டிவந்து, "எம்புட்டு அழகா இருக்கா பாருங்க" என்று சொல்லித் தடவ வைத்தார்கள். அவர் சவுக்கு மரத்தடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இந்த மேட்ட தெனமும் எப்பிடிம்மா ஏறுறீங்க?" என்று முதல் தடவையாகக் கேட்டார். பஸ் டிரைவர் குணசீலனுக்கும் அனுமதி இல்லை. வளைவுச் சாலையில் பஸ் ஓட்டுகிறவன் கொட்டாவி விடக்கூடாது என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. அவன் ஜன்னல் வழியாகச் சொக்கியைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே போவான்.

லூர்தம்மாவுக்கு மட்டும் நாள் விட்டு நாள் முறை உண்டு. அதை யாரும் சொல்லி வைக்கவில்லை. அவள் கைக்கு வரிசை தானாக விலகிக் கொடுத்தது. அவள் முகத்தில் சதை பிடித்தது, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போனது, ஒருநாள் டீயில் சர்க்கரை கூடிவிட்டது என்று சொன்னவரிடம் "உடம்புக்கு நல்லது, குடி" என்று பழைய வாயோடு திரும்பக் கொடுத்தாள். சந்தனமாரி அதைக் கேட்டு மனசு குளிர்ந்தாள். சொக்கிக்கும் வலியில்லை, ஊருக்கும் தூக்கம், இதைவிட என்ன வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித்தான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

டாக்டர் இளங்கீரன் வந்தார். நாய்களிடம் மரியாதையாகவும் மனிதர்களிடம் சுருக்கமாகவும் பேசுகிறவர். ஜீப்பிலிருந்து இறங்கியவுடன் சொக்கியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "என்னம்மா, உடம்பு தேவலையா?" என்று கேட்டுத் தலையைத் தடவினார். சந்தனமாரி தடுக்க வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். சொக்கி கீழே போய்விடுமோ என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை. டாக்டர் அதன் ஈறைத் தூக்கிப் பார்த்தார், பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்தார், ஓடவிடச் சொன்னார். சொக்கி உச்சிக்குப் போய் வந்தது. பின்னங்காலின் உட்புறத்தில், தொடை இடுப்போடு சேருகிற இடத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். அது தூங்கி எழுந்த நாயின் நாடி. அவருக்கோ சட்டை நனைந்து நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது.

"ஓட்டம் இவளுக்கு, வேர்வை எனக்கு. நான்தாம்மா இனிமே நடக்கணும் போல" என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, காய்ச்சலில் விழுந்து எழுந்த நாய் இப்படித் தேறியதை நான் பார்த்ததேயில்லை என்று பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லூர்தம்மா ஊருக்கே போண்டா போட்டாள்.

மறுநாள் சந்தனமாரி சொக்கியைக் குளிப்பாட்டித் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். பின்னங்கால் தொடைக்கு வந்த கை அங்கேயே நின்றது. சதை இருக்கவேண்டிய இடத்தில் தோல் இருந்தது. காய்ச்சலில் இருந்து எழுந்தபோது இருந்ததைவிட இப்போது குறைவாக இருந்தது. அவள் கொல்லையில் கிடந்த மரத்துண்டைக் காட்டி "தாண்டு" என்றாள். முன்பெல்லாம் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிற நாய் இப்போது மரத்துண்டின் முன்னால் நின்று, முன்னங்காலைத் தூக்கி வைத்து, பின்னங்காலை எடுக்க முடியாமல், அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

தினமும் ஓடிய நாய்தான், களைப்பு தெரியாததால் ஓடிவிட்டது. ஆனால் ஓட்டம் அதன் உடம்புக்குள் இறங்கவேயில்லை. களைப்புதான் சதையைக் கொஞ்சம் நோகடித்து, ஓய்வு வந்து அந்த நோவை ஆற்றும்போது முன்பைவிடக் கூடுதலாகக் கட்டிவிட்டுப் போகும். மீட்புப் படையில் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். களைப்பை ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது, கட்டுவதற்குச் சொக்கியிடம் எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூக்குப்பாறையில் எல்லோருக்கும் கெண்டைக்கால் முறுக்கேறி இருந்தது. லூர்தம்மா போன வாரம் கேஸ் சிலிண்டரை ஒரு கையால் தூக்கினாள். சொக்கிக்குப் போய்ச் சேரவேண்டிய பலத்தையெல்லாம் பாசம் என்ற பெயரில் ஊர் தின்றுவிட்டிருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள், தான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னாள்.

"அதான் எனக்குக் கால் அந்த வலி வலிச்சுதா! தொடை மெலிஞ்சிருந்ததைக் காய்ச்சலோட மிச்சம்னு விட்டுட்டேன்" என்றார் டாக்டர்.

"என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க சார். அவளைக் கீழ அனுப்பிராதீங்க. மழை வந்துட்டு இருக்கு."

"மழை வர்ற நேரத்துல மலையில நாய் இல்லாம வைக்க எனக்கும் மனசில்லை. நான் திரும்ப வந்து பார்க்கிறேன், நல்லா கையைக் கட்டிக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள அவளை நெசமாவே தேத்துங்க. ஒருத்தர் கையும் தலையில படக்கூடாது. உங்க கையும்தாம்மா."

அன்று மாலை வளைவுக் கடையில் ஊர் கூடியது. சந்தனமாரிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சொக்கியை நடுவில் நிறுத்தி, அதன் தொடையைக் காட்டினாள்.

"அவ மூச்சு வாங்குறது எனக்குத் தாங்கல, அதனால ஆரம்பிச்சேன். தப்பு எம்மேலதான். பாசம்னு நெனச்சு அவ காலைக் கரைச்சிட்டோம். இந்தக் காலோட அவ சகதியில ஏற முடியாது. ஏறலேன்னா எதுக்கு இவ இங்க இருக்கா? இனிமே அவ களைப்பு அவளுக்கு வேணும். யாரும் தொடாதீங்க."

"லேசாக் கூடவா?" என்று சாமியார் கேட்டார்.

"லேசாக் கூடத்தான் சாமி."

எல்லோரும் லூர்தம்மாவைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார்கள். அவள் டீ ஆற்றிக்கொண்டே இருந்தாள், யாரும் கேட்காத டீயை.

"அப்போ நான் எப்பிடித் தூங்குறது?" என்று அவள் கேட்டாள். குரலில் கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தெரியலக்கா" என்றாள் சந்தனமாரி. அவளுக்கு அழுகை வந்தது.

லூர்தம்மா டம்ளரை வைத்தாள். "முழிச்சுக் கெடக்குறது எனக்குப் பழகினதுதான். அன்னிக்கு நாய் லேட்டா வந்துச்சு, அது பாவம், அது மேல தப்பில்ல. இன்னிக்கு நாய் வாசல்லயே இருந்தும் ஏற மாட்டாம நின்னுச்சுன்னு வை, அந்தப் பாவம் எம் மேலல்லா வரும். எங் கைய நான் பாத்துக்கிடுறேன். நீ அவளப் பாரு" என்றாள். சொல்லிவிட்டு அந்த டீயைத் தானே குடித்தாள்.

ஊர் கையைக் கட்டிக்கொண்டது. அக்குளுக்குள் செருகிக்கொண்டார்கள், பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்கள், முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு தேயிலை வியாபாரி, இந்த ஊரில் யாருமே கையைக் காட்ட மாட்டேன் என்கிறார்களே, என்ன நோயோ என்று பயந்து அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிப் போய்விட்டார். சொக்கிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொருவராகப் போய்த் தலையை நீட்டியது. நீட்டிய தலைக்கு முன்னால் ஆட்கள் பின்வாங்கினார்கள். கடைசியில் அது நடுச்சாலையில் உட்கார்ந்து, மூக்கை மேலே தூக்கி, ஊளையிட்டது. கடைவீதியில் அன்று கண்ணைத் துடைக்காதவர்கள் இல்லை. துடைத்த கையைத் திரும்ப அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

சந்தனமாரி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஓட்டம் இல்லை, நடை மட்டும். சரிவில் ஏறி நடக்க, சரிவில் மெதுவாக இறங்கி நடக்க, எஸ்டேட் குளத்தில் முழங்கால் ஆழத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடக்க, தரையில் பரப்பிய மூங்கில்களைக் காலைத் தூக்கித் தூக்கிக் கடக்க, பிறகு ஒரு முழுநாள் ஒன்றும் செய்யாமல் வெயிலில் படுத்துக் கிடக்க. படுத்துக் கிடக்கிற நாள்தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, மேகம் நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விலாவில் உள்ளங்கையை வைத்து, எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும் ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பார்த்துச் சோற்றில் ஈரலைக் கூட்டினாள். இரைப்புச் சத்தம் திரும்பி வந்தது. வளைவில் அது கேட்டதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு ஊர் முழுக்க ஒரு நாய் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நின்றது. ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று மூக்குப்பாறைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நடையோடு மெல்ல ஓட்டமும் சேர்ந்தது. ஓடி வந்ததும் சந்தனமாரி அதன் தொடை உட்புறத்தில் விரலை வைப்பாள். நாடி அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் உடம்பு சொல்கிற உண்மை, வேகமாக ஓடுவதெல்லாம் வெறும் ஆசையிலும் நடந்துவிடும். ஆரம்பத்தில் லூர்தம்மா ஒரு பெஞ்சு நிறைய உட்கார்ந்தவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்து முடித்த பிறகும் நாடி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பாதி பெஞ்சு ஆனது. ஒருநாள் சொக்கி மரத்துண்டைக் கவனிக்காமல் தாண்டியது. சந்தனமாரி அதைத் தலையில் தொடாமல், வாலின் அடியில் சொறிந்துகொடுத்து, தனியாக உட்கார்ந்து சிரித்தாள். லூர்தம்மா மட்டும் திரும்பவும் மெலிந்துகொண்டு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வந்து உட்கார்ந்தது. சொக்கி கடைக்கு வந்து தலையை நீட்டினால் ரெண்டு கையையும் மாவுக்குள் அமுக்கிக்கொண்டு, "போடி, போ. போய் ஓடு" என்பாள்.

மழை வந்தது, டாக்டருக்கு முன்னால். வந்த மழை பாலத்தை எடுத்துக்கொண்டு போனதால் டாக்டரும் வர முடியவில்லை, யாரும் வர முடியவில்லை. ஒரு மத்தியானம் மேல்வளைவுக்கு மேலே இருந்த சரிவு முழுவதும், தேயிலையும் சவுக்கு மரமும் காவல் கொட்டகையுமாக, சாலையைத் தாண்டிக் கீழே போனது. குணசீலன் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுச் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். பஸ் நின்ற இடத்தில் நின்றது. கொட்டகையைக் காணோம்.

சந்தனமாரி சொக்கியின் வாரை அவிழ்த்து "தேடு" என்றாள். மேலே ஏறிய சொக்கி குறுக்கே போனது, திரும்பியது, கொஞ்சம் மேலே ஏறித் திரும்பவும் குறுக்கே போனது. ஒவ்வொரு காலடியிலும் சேறு அதைப் பிடித்து இழுத்தது, ஒவ்வொரு தடவையும் பின்னங்கால் உதறி எடுத்துக்கொண்டு முன்னேறியது. மழை மணத்தையெல்லாம் கரைத்து ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது சொக்கி இறங்கி வந்து தார்ச்சாலையில் விழுந்தது. நாக்கு தொங்கியது, வயிறு துருத்தி போல் அடித்தது, கால்கள் தனியாக நடுங்கின. மேலே இன்னும் பாதிச் சரிவு மிச்சம் இருந்தது. மலை இன்னொரு தடவை முனகியது.

ஊர் சுற்றி நின்றது. கைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன.

"சந்தனம், இப்பவாவது நாங்க வாங்கிக்கிடுறோமே" என்றாள் மளிகைக் கடை ஓரகத்திகளில் மூத்தவள். "அவளப் பழக்குற நாள்ல அவ களைப்பு அவளுக்கு. சரி. இன்னிக்கு நமக்குத்தான?"

சந்தனமாரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவள் விலகி வழிவிட்டாள். "தொடுங்க" என்றாள். வயசானவர்கள், பிள்ளைகள், அன்றைக்கு முழுக்கக் கொழுந்து பறித்த பெண்கள்கூட, உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்கள்.

சொக்கி தலையைத் திருப்பிக்கொண்டது. எந்தக் கையாக இருந்தாலும் தலையை நுழைக்கிற நாய், அத்தனை கைகளையும் ஒருதடவை பார்த்துவிட்டு, எழுந்து, தள்ளாடி நடந்துபோய், சாலைச் சுவரோரம் தனியாகப் படுத்தது. யாரும் பின்னால் போகவில்லை. அது மழையில் கண்ணை மூடிக்கொண்டு தன் மூச்சைத் தானே வாங்கியது. சந்தனமாரி பக்கத்தில் மண்டியிட்டு, தலையைத் தொடாமல், கொஞ்சம் தண்ணீர் காட்டி, தொடை உட்புறத்தில் இரண்டு விரலை வைத்தாள். நாடி கண்மண் தெரியாமல் அடித்தது.

"எறங்குதா?" என்று பின்னாலிருந்து லூர்தம்மா கேட்டாள்.

"பொறுங்கக்கா."

மழை பெய்தது. ஊர் நின்றது. விரலுக்கு அடியில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விழுந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். அந்த இடைவெளியை யாரும் கொடுக்கவில்லை. ஏறி இறங்கிய ஒவ்வொரு நாளும், மூச்சு வாங்கியும் யாரும் தொடாமல் விட்ட ஒவ்வொரு காலையும் சேர்ந்து அதற்குள் இருந்தது.

"எறங்குதா சந்தனம்?"

"எறங்குது" என்றாள் சந்தனமாரி. "எறங்குதுக்கா. நெசமாவே எறங்குது."

சொக்கி தானாக எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறிச் சேற்றை எல்லோர் மேலும் தெறிக்கவிட்டு, யாரும் சொல்லாமலே சரிவில் ஏறியது. மிச்சம் இருந்த பாதியில் குறுக்கும் நெடுக்கும் போய், சாய்ந்து கிடந்த ஒரு சவுக்கு மரத்தின் வேருக்குப் பக்கத்தில் நின்று, மூக்கைப் புதைத்து, எடுத்து, குரைத்தது. ஊர் மண்வெட்டியோடும் வெறுங்கையோடும் ஏறியது. நாய்க் களைப்பில் முறுக்கேறிய அத்தனை கால்களும் அந்தச் சகதியில் ஏறின. தகரக் கூரையின் அடியில், ஒரு கால் ஒடிந்து, சோற்று டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குணசீலன் உயிரோடு இருந்தான். அவனைக் கீழே இறக்கியபோது அவன் முதலில் கேட்டது தண்ணீர், இரண்டாவது, "பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகலையே?"

எல்லோரும் அவனைச் சுற்றி அழுது சிரித்துக்கொண்டிருக்க, லூர்தம்மா அந்தப் பக்கம் போகவில்லை. சொக்கி இறங்கிப் படுத்திருந்த இடத்துக்கு வந்து, ஈரத்தில் கால்களை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ தொடலாமாடி?" என்று சந்தனமாரியைக் கேட்டாள்.

"அவளையே கேளுங்கக்கா."

லூர்தம்மா கையை நீட்டினாள். இந்தத் தடவை சொக்கி தலையைத் திருப்பவில்லை. லூர்தம்மா அதன் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். கண் சொக்கவில்லை, கால் கடுக்கவில்லை, கொட்டாவிகூட வரவில்லை. ஈரமான நாயின் தலை, சூடாக, கைக்கு அடியில் இருந்தது.

"ஒண்ணும் வரலடி."

"வராதுக்கா. அது அவ சம்பாதிச்சது."

"வரவேண்டாம்" என்றாள் லூர்தம்மா. கையை எடுக்காமல் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, அந்தக் கறுத்த காதுக்குள், மகன் போனதிலிருந்து யாரிடமும் பேசாத பேச்சைப் பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு பய இருந்தான் தெரியுமா. ஆரோக்கியம்னு பேரு. நாய்னா உசுரு அவனுக்கு..."